கடைசிப் பக்கத்தில் உன் பெயர்

ஆர்.எஸ்.புரம்,
கோயமுத்தூர்.
11.8.2025

அன்புள்ள ஹுமேரா,

நலம்தானே? அத்தாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இப்படி ஆரம்பிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர்தான். உக்கடம் பஸ் ஏறினால் இருபது நிமிடம். ஆனால் நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், மெயிலுக்கும் பதில் இல்லை. நேரில் வரலாம் என்று இரண்டு தடவை வண்டியை எடுத்தேன், டவுன்ஹால் வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். கடைசியில் தபால் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லோக்கலுக்குத்தானுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

உன் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் நாம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அந்தத் தடி மங்கா படக்கதைப் புத்தகத்தை ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தோம். முதல் பாகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியும் ஒரு டப்பா மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். மொழிபெயர்ப்பாளர் லோகப்பிரியா என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. உன் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அசிஸ்டன்ட் என்று இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் அனுப்பிய படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். வேறு யாராவது இருந்தால் பெயரும் பொறுப்பும் எழுதுங்கள் என்று கீழே இன்னொரு வரி. எடிட்டரம்மா அவசரப்படுத்தினார். கைக்கு வந்த வார்த்தையைச் சட்டென்று போட்டு அனுப்பிவிட்டேன். யோசிக்க நேரமே இல்லை ஹுமே. மனசறிந்து செய்யவில்லை.

நாம் வேலை செய்த அழகு எனக்கு மறக்குமா? ஒரு பதவிப் பெயர் வந்தால் நீ அகராதியை மூடி வைத்துவிட்டு, "இந்த ஆளு கோயமுத்தூர்ல யாரு?" என்று கேட்பாய். முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். ககரிச்சோ என்று ஒரு பதவி வந்ததே, அகராதியில் வாயில் நுழையாத ஆங்கிலம் போட்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கணபதியில் எங்கள் மாமாவின் பம்ப்செட் கம்பெனியில் இருக்கும் திருமூர்த்தி அண்ணனை நீதான் கண்டுபிடித்தாய். மேலே வாங்குகிற திட்டைப் பாதியாகக் குறைத்துக் கீழே கொடுக்கிறவர். அவரை அங்கே சூப்பர்வைசர் என்கிறார்கள், அதனால் ககரிச்சோவும் சூப்பர்வைசர் ஆனார். அவருக்கு மேலே இருக்கும் கச்சோவுக்கு எதைக் கேட்டாலும் 'பாக்கலாம், பாக்கலாம்' என்கிற சசிதர் சார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. எழுபது பக்கம் புரட்டிவிட்டேன், ஒன்றும் ஓடவில்லை. அடுத்த பதிப்பில் உன் பெயரை எப்படியாவது சரி செய்யச் சொல்கிறேன். கோபத்தை விட்டுவிட்டு வா.

உன்
லோகா

•

கோட்டைமேடு,
கோயமுத்தூர்.
16.8.2025

லோகப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தாவின் முழங்கால் பரவாயில்லை.

நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாகப் போகும். எட்டு மாதம் அதிலேயே கிடந்ததால் நமக்கு அது பழகிவிட்டது. ஆனால் நம் ஊரில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் திறப்பார்கள்? நீங்கள் கடைசிப் பக்கம் என்று நினைத்தது இங்கே எல்லாருக்கும் முதல் பக்கம்.

நீங்கள் தெரு முனை திரும்புவதற்குள் அத்தா புத்தகத்தை வாங்கித் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி, அசிஸ்டன்ட், ஹுமேரா என்று சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பேரு வந்துருச்சேம்மா. அச்சுல நம்ம பேரு வந்துருச்சே" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அவருடைய தையல் மெஷின் ரிப்பேர் கடைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டினார். நீங்கள் கொடுத்த மைசூர்பாகைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்.

உங்கள் கடிதத்தில் திருமூர்த்தி அண்ணன் இருக்கிறார், சசிதர் சார் இருக்கிறார். மிட்சுயோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கதையில் வரும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் மிட்சுயோ அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வரைபடமும் மெஷினுக்குப் போகாது. ஆனால் அவருடைய விசிட்டிங் கார்டில் ஜிமுயின், அதாவது வெறும் கிளார்க் என்றுதான் இருக்கும். அது யார் என்று தேடியபோது உங்கள் மாமா கம்பெனியில் இருக்கும் பூவாத்தாள் அக்காவைச் சொன்னேன். ரிஜிஸ்தரில் ஹெல்பர், ஆனால் அவர் தட்டிப் பார்க்காத வார்ப்பு எதுவும் லாரியில் ஏறாது. எடிட்டர் மிட்சுயோவை அசிஸ்டன்ட் என்று போடச் சொன்னார். முடியாது என்றேன். கார்டில் கிளார்க் என்று இருந்தால் கிளார்க் என்றே இருக்கட்டும், அது அவருடைய வேலை. அசிஸ்டன்ட் என்று போட்டால் வேலை வேறு யாருடையதோ, இவர் கூடமாட இருக்கிறவர் என்று ஆகிவிடும். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினீர்கள். பதினோரு நாள் சண்டை போட்டு ஜெயித்தோம்.

காகிதத்தில் வரைந்த ஒரு பெண்ணுக்குப் பதினோரு நாள். என் பெயருக்கு மட்டும் யோசிக்க நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாம் பாகத்துக்கு நான் வரவில்லை. என் அகராதி உங்கள் வீட்டில் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

ஹுமேரா

•

ஆர்.எஸ்.புரம்,
21.8.2025

அன்புள்ள ஹுமேரா,

நீ 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அதைக் கேட்டு நீ எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாய். உன்னுடைய 'ங்க'வைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். வெட்கக்கேடு, மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே பொய் எழுதியிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. அந்தப் படிவம் நாலு நாள் என் மெயிலில் கிடந்தது. உன் பெயருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டு தடவை டைப் செய்தேன். இரண்டு தடவையும் நானேதான் அழித்தேன்.

ஏன் என்றும் சொல்கிறேன். மிட்சுயோ விஷயத்தில் நாம் ஜெயித்ததும் எடிட்டரம்மா எனக்குத் தனியாக ஒரு மெயில் போட்டிருந்தார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். நான் என்ன பதில் போட்டிருக்க வேண்டும்? அது என் சிநேகிதி ஹுமேரா யோசித்தது என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. 'மிக்க நன்றி' என்று போட்டேன். அந்த மெயிலை மாமாவுக்குக் காட்டினேன், மாமா பெண் மேக்னாவுக்குக் காட்டினேன், உனக்கு மட்டும் காட்டவில்லை. படிவத்தில் இரண்டு பேரையும் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டால், யார் எதைச் செய்தது என்று ஒருநாள் கேள்வி வரும் என்று பயந்தேன். எனக்கு ஆங்கிலம் வரும். உனக்கு ஜப்பானியமும் வரும், அந்த மனுசங்களும் புரியும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன்.

அசிஸ்டன்ட் என்ற வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நீ கேட்கிற மாதிரியே, ஹுமேரா கோயமுத்தூரில் யார் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. மார்கழியில் ஒருநாள் எதிர்வீட்டு வெங்கடலட்சுமி ஆன்ட்டி வந்திருந்தார்கள். தினமும் வருகிறாளே, யாருங்க அந்தப் பெண் என்று கேட்டார்கள். அம்மா, "நம்ம லோகாவுக்கு ஒத்தாசைக்கு வர்ற புள்ளைங்க" என்றார்கள். நீ அப்போது வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாய். குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. நான் சார்ஜரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன். நீ வந்து உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று கேட்டாய்.

அந்தப் பூப்போட்ட கண்ணாடி கிளாஸ். எங்களுக்கெல்லாம் சில்வர் டம்ளர், உனக்கு மட்டும் எப்போதும் அந்த கிளாஸ். எனக்குன்னே தனி கிளாஸ் வெச்சிருக்காங்க பாரு என்று நீ சிரிப்பாய். அது ஏன் என்று எனக்குத் தெரியும் ஹுமேரா. தெரிந்துதான் எட்டு மாதமும் சும்மா இருந்தேன்.

அதனால் படிவத்தில் நான் எழுதியது கைக்கு வந்த வார்த்தை இல்லை. வீட்டில் உன்னை நாங்கள் எங்கே உட்கார வைத்திருந்தோமோ அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லோகா

•

கோட்டைமேடு,
27.8.2025

லோகப்பிரியாவுக்கு,

கிளாஸ் விஷயம் எனக்கு முதல் வாரமே தெரியும். உன் அம்மா போடும் காபி நன்றாக இருக்கும், அதனால் குடித்தேன். உனக்கு அது தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்குத் தெரியும் என்று நீ எழுதியிருந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அசிஸ்டன்ட் என்று பார்த்தபோதுகூட அழவில்லை.

இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு எழுது. தெரியாதவர்களிடம் சொல்லு. எனக்கு எழுதினால் உன் பாரம்தான் குறையும்.

இனிமேல் எனக்கு மன்னிப்புக் கடிதம் போடாதே. அகராதி இன்னும் வரவில்லை.

ஹுமேரா

•

ஆர்.எஸ்.புரம்,
14.9.2025

ஹுமேரா,

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. என்ன செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 30-ஆம் தேதி எடிட்டருக்கு எழுதினேன். மிட்சுயோவின் பதவிப் பெயர் உன் முடிவு, அந்த மூன்று பக்கமும் நீ சொன்னது, பெயர்களைப் பென்சிலில் எழுதிவைத்து வேலை செய்யும் முறையும் உன்னுடையது என்று எழுதினேன். ஓரத்தில் உன் கையெழுத்து இருக்கிற முப்பது பக்கத்தை ஸ்கேன் செய்து சேர்த்தேன். நன்றி என்று நான் வாங்கிக்கொண்ட பாராட்டையும் ஒளிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அச்சானதை ஒன்றும் செய்ய முடியாதாம், மறுபதிப்பில் திருத்துவார்களாம். இரண்டாம் பாகத்துக்கு உன்னிடமே நேரடியாகப் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். எனக்கு நல்வாழ்த்துகள் என்று முடித்திருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

வெங்கடலட்சுமி ஆன்ட்டி வந்திருந்தபோது அம்மாவிடமும் சொன்னேன். வேண்டுமென்றே அவர் இருக்கும்போதுதான் சொன்னேன். "அம்மா, ஹுமேரா எனக்கு ஒத்தாசைக்கு வரலைங்க. அந்த வேலையில பாதிக்கு மேல அவளோடதுங்க" என்றேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கு இப்போது என்ன என்று கேட்டுவிட்டுக் குக்கரை அணைக்கப் போய்விட்டார்கள். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. அந்த கிளாஸை நான் எடுத்து வைத்துக்கொண்டு அதில்தான் காபி குடிக்கிறேன். இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது.

அகராதியைக் கொடுத்துவிடலாம் என்று நேற்று உன் அத்தா கடைக்குப் போனேன். காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து மாட்டியிருந்தார். அசிஸ்டன்ட் ஹுமேரா. ரோட்டிலிருந்தே தெரிந்தது. எதிரே டீக்கடை ஓரத்தில் அரைமணி நேரம் நின்றேன். அவர்தான் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "நீ போட்டுக் குடுத்த பேருதாம்மா, வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க" என்றார்.

என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை தப்புங்க, உங்க பொண்ணுதான் புத்தகத்தை மொழிபெயர்த்ததுங்க, நான்தான் அப்படிப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் சுவரில் இருந்த அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ ஒண்ணுமே சொல்லலியேம்மா" என்றார்.

நீ அவரிடம் சொல்லவே இல்லை. இத்தனை நாளும், அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். அவர் எழுந்து அதைக் கழற்றி, மேலே இருந்த தூசியைத் துண்டால் துடைத்து, மேஜை டிராயருக்குள் வைத்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. கிளம்பும்போது, பார்த்துப் போம்மா, சிக்னல்கிட்ட வண்டி ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார்.

அகராதியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இனி நான் எழுதவில்லை.

லோகப்பிரியா

•

கோட்டைமேடு,
6.10.2025

லோகா,

அகராதி வந்து சேர்ந்தது. உள்ளே உன் ரிப்பன் ஒன்று இருந்தது. அதை எடுக்கவில்லை, பக்கம் பார்க்க உதவியாக இருக்கிறது.

அத்தாவுக்கு நீ சொன்னது வருத்தம்தான். இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. நான் அவரிடம் சொல்லாமல் இருந்தது உன்னைக் காப்பாற்ற இல்லை. அச்சில் பேர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவரிடம், உங்கள் மகளை இன்ன இடத்தில் உட்கார வைத்தார்கள் என்று சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தப்பு செய்தது நீ, வெட்கப்பட்டது நான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது போகட்டும்.

எடிட்டர் எனக்கு எழுதினார். இரண்டாம் பாகத்தை ஒத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பாகத்தின் மறுபதிப்புக்கு ஒரு படிவமும் அனுப்பியிருந்தார். உனக்கு வந்த அதே படிவம். மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு வரி, வேறு யாராவது இருந்தால் பெயரும் பொறுப்பும் எழுத இன்னொரு வரி. அது என்னிடமும் நாலு நாள் கிடந்தது. என்னென்னவோ எழுதத் தோன்றியது. ஒரு தடவை உன் பெயருக்குப் பக்கத்தில் டைப்பிஸ்ட் என்று போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு அழித்தேன். முதல் வரியிலேயே நெருக்கி இரண்டு பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். உன் மேல் பிரியத்தில் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. நீ செய்த வேலைக்கு அதுதான் பெயர்.

இரண்டாம் பாகம் நகர்கிறது. ஆங்கிலம்தான் முரண்டு பிடிக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒருவர் புதிதாக வருகிறார். தொழிற்சாலை அனுப்பிய சரக்கில் பழுது இருந்தால் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வாசலில் நின்று, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதுதான் அவருடைய முழுநேர வேலை. திட்டுவார்கள், சில வீட்டில் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். மறுநாளும் போவார். குஜோ ககரி என்று போட்டிருக்கிறது. அகராதி சொல்வது எதுவும் சரியாக இல்லை.

இந்த ஆள் கோயமுத்தூரில் யார் என்று கேட்டுக்கொண்டேன். ஓரத்தில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில்தான்.

ஆங்கிலச் சொல் ஏதாவது தோன்றினால் எழுது. போன் வேண்டாம். தபாலிலேயே போடு.

ஹுமேரா